கல்லின் முதுகில் ஓர் அம்புக்குறி

தம்பிக்கு,

நலம்தான். சாரத்தில் ஏறும்போது முழங்கால் மட்டும் என்னைத் திட்டுகிறது.

மணிக்கூண்டில் நீ பதித்த சிங்க முகத்தை நேற்று இறக்கினோம். மூக்கு உதிர்ந்து, பூனை மாதிரி இருக்கிறது.

வெளிர் சுண்ணாம்புக்கல் பூமிக்குள் புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காகக் கிடப்பது. கட்டடத்திலும் அதே வாக்கில் வைத்தால்தான் நிற்கும். மாற்றி வைத்தால் முகம் ஏடு ஏடாக உரியும். அதற்காகத்தான் வெட்டும் முன்பே மேல்பக்கம் எது என்று முதுகில் அம்பு கீறுகிறோம். உனக்குத் தெரியாததா?

ஏழு வருஷத்துக்கு முன்பு, முதல் ஏடு உரிந்த அன்று, பட்டறையில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "கண்ண எங்கடா வச்சிருந்தே? கல்லத் திருப்பி வச்சிட்டியே."

"நீ போட்ட குறிப்படிதான்கா வச்சேன்" என்றாய். நான் காதில் வாங்கவில்லை. நீ உளியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாய்.

நேற்று சாந்தைச் சுரண்டிவிட்டு அந்த முதுகைப் பார்த்தேன். வால் வளைந்த அம்பு. அப்படிக் கீறுவது நான் ஒருத்திதான். அது காட்டும் பக்கம் தப்பு.

மேஸ்திரி எட்டிப் பார்த்து, "யாரு போட்ட குறிம்மா இது?" என்றார்.

"என்னுது" என்றேன். பட்டறை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன்.

உன் உளிக்கு மாதாமாதம் எண்ணெய் போடுகிறேன். துருவைக் கண்டால் எனக்கு ஆகாது, வேறொன்றும் இல்லை.

புதுக் கல் வந்திறங்கி நாலு நாள் ஆகிறது. யாரையும் தொட விடவில்லை. அதன் முதுகில் இன்னும் அம்பு இல்லை.

அக்கா