சம்பந்தியின் பழைய தேயிலை

ஞாயிறு, 12 ஒக்டோபர்.

இப்படித்தான் முடியும் என்று லண்டன் வெம்பிளியில் ரயில் ஏறும்போதே சொன்னேன். மகள் கட்டப்போகும் சீனப் பெடியனின் தகப்பன், நான் இலங்கையில் தேயிலை ருசி பார்த்த உத்தியோகத்தர் என்று நம்பி, தன் மகன் பிறந்த வருடம் வாங்கிவைத்த பூஎர் என்ற சீனத் தேயிலைக் கட்டியை உடைத்தார். பழையதாக ஆகத்தான் அதற்கு மதிப்பாம். ஊறிய முதல் சாயத்தை அப்படியே வெளியே கொட்டினார்! எங்கள் வீட்டில் அதற்கு அடி விழும். அடுத்ததை முட்டைக்கோதளவு கோப்பையில் தந்தார். எங்கள் வழக்கப்படி உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கச் சீனி கேட்டேன், இல்லையாம். பழைய அலுமாரி மணம், வேப்பம்பட்டைக் கசப்பு.

“ஸ்பொயில்ட்” என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். ஹற்றன் தேயிலை ஃபக்டரியில் இருபது வருடம் ருசி பார்த்த நாக்கு இது என்றும் சேர்த்துவிட்டேன். மனிதர் கட்டியைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினார்.

வெளியே வந்ததும் மகள் பாய்ந்தாள். “அப்பா, அது எங்கட கலியாணத்துக்கு வச்சிருந்தது. உங்கட கதையைக் கேட்டு எறியப்போறாராம்!”

“எறியட்டும். பழுதானதையோ விருந்தாளிக்குக் குடுக்கிறது?”

ஆனால் ரயிலில், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் ஓர் இனிப்பு ஏறியது. இன்னும் போகவில்லை. விடிந்ததும், எறிய வேண்டாம் என்று அந்த மனிதருக்குப் போன் எடுக்க வேண்டும். என்னவென்று சொல்லுவது? ஹற்றன் பக்கமே நான் போனதில்லை.