தலை, எண் மூன்று

பொந்தியான், மலேசியா,
திங்கட்கிழமை.

அபிகெயிலின் அப்பாவுக்கு டொரத்தி எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் வீடு நலம். நீங்கள் சிலை செய்யும் கொட்டகையின் கூரை மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் சிங்கப்பூரில் நலமாக இருப்பதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போனில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதம்.

போன வருடம் மருந்து ஏற்றி என் முடியெல்லாம் கொட்டிய சமயம், என் தலையைக் களிமண்ணில் சிலையாகச் செய்யப்போவதாகச் சொன்னீர்கள். "ஒரு பக்கமா எடுத்த படம் பத்தாது டொரத்தி, சுத்தி எடுக்கணும்" என்றீர்கள். சிலைகளைத் திருப்பித் திருப்பிச் செய்யும் சுழல்மேடையில் நாற்காலியைக் கட்டி, மோட்டார் வைத்து என்னைச் சுற்றவிட்டீர்கள். நீங்களே கட்டிய காமிரா ஒரு மெல்லிய இடுக்கு வழியாக என் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. காது, கன்னம், மூக்கு, அடுத்த காது, பிடரி எல்லாம் ஒரே நீளத் துண்டாக, உரித்துப் பரப்பிய தோல் போல வந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சிலைக்குத்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்தத் துண்டு இப்போது சுவர் நீளத்துக்கு அங்கே கண்காட்சியில் தொங்குகிறது. என்னோடு வேலை செய்யும் பிரேமலாவின் தங்கை போய்ப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறாள். தொழிற்சாலை கேண்டீனில் பிரேமலா போனை நீட்டி, "அக்கா, இது நீங்கதானே லா? வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கிட்டு மொட்டை போட்டேன்னு சொன்னீங்க? கழுத்துல என்ன குழாய்?" என்று கேட்டாள். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். படத்துக்குக் கீழே ரோலண்ட் என்று உங்கள் பெயர் பெரிதாக இருந்தது. என் பெயர் இல்லை. 'தலை, எண் மூன்று' என்று போட்டிருந்தது.

அன்றே உங்களைக் கூப்பிட்டேன். "ஐயோ அலமாக், அது உன் மூஞ்சின்னு யாருக்கும் தெரியாது. பாக்குறவங்க அழுறாங்க டொரத்தி. முகத்துக்குக் குறுக்கே போற அந்த நீளக் கோட்டத்தான் எல்லாரும் புகழ்றாங்க" என்றீர்கள். அந்தக் கோடு என் கை. மேடை சுற்றும்போது கண்ணைத் துடைத்தேன். படத்தில் அது இழுபட்டுவிட்டது. நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஆடாதே என்று மட்டும் சொன்னீர்கள்.

ஊராரை விடுங்கள். மெட்ரிகுலேசன் பரீட்சை முடியும்வரை என் நோய் அபிக்குத் தெரியக்கூடாது என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அவளுக்கும் நேர்த்திக்கடன் கதையைத்தான் சொல்லியிருந்தோம். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, உங்க அப்பா செய்ததாமே என்று பெருமையாக அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். அபி ஹாஸ்டலில் இருந்து என்னைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு, "அப்பா ஊருக்கே காட்டிட்டாங்க. எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் போனை அவள் எடுக்கமாட்டாள்.

நீங்கள் பிசைந்து வைத்த களிமண் கொட்டகையில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. அதன்மேல் போர்த்திய ஈரத்துணியை நான் மாற்றவில்லை. உருண்டை உருண்டையாகவே இருக்கிறது. மூக்குக்குக்கூட அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுக்கவில்லை நீங்கள்.

முடி காதுவரை வளர்ந்துவிட்டது. நேற்று பூசைக்கு முக்காடு போடாமல் போனேன். இனி யாரிடம் மறைக்க?

வியாழக்கிழமை காலை ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டி வாங்க என்றார் டாக்டர். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அபியைக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை. பாலத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான்.

மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் கொடுக்கட்டும். வியாழக்கிழமை மட்டும் காமிராவை அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு வாருங்கள்.

டொரத்தி