‘ரீ’ என்று தொடங்கும் வினைச்சொற்கள்

அக்கா,

இன்று காலை பள்ளி வராந்தாவில் உங்கள் படத்தை வைத்திருந்தார்கள். மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றியிருந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். படத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியிருந்தது: ‘எங்கள் முன்னாள் ரிசோர்ஸ் பர்சன்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரோம்பேட்டையில் ஒரு தலைமுறைக்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நேராகத் தாளாளரின் மகனிடம் போய்க் கேட்டேன்.

“ரெக்கார்ட்ல அப்படித்தானே மேடம் இருக்கு. ரீடெசிக்னேட் பண்ணினோமே” என்றான். ஆமாம், என்றான்தான். அவனுக்கு ‘ர்’ போட எனக்கு மனசு வரவில்லை. வெளியே வந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். ஆபீசிலிருந்து மார்க்கர் வாங்கி, வெள்ளைத்தாளில் ‘ஆங்கில ஆசிரியை’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். பியூன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

‘ரீ’ என்று தொடங்கும் வினைச்சொல்லைக் கேட்டாலே உங்கள் மூக்கு விடைக்கும். ரீகுரூப், ரீஅலைன், ரீகிளாசிஃபை. மாலையில் தாம்பரம் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பிப்பீர்கள்: “யாரு பிரிச்சா, எதுக்குப் பிரிச்சான்னு யாரும் கேக்கக் கூடாதா? முன்னாடி ஒரு ‘ரீ’யைப் போட்டுடு. ஏற்கெனவே இருந்ததைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணின மாதிரி ஆயிடும்.” நான் கணக்கு டீச்சர். இங்கிலீஷ் டீச்சர்களுக்கு இப்படியெல்லாம் ஒரு கிறுக்கு இருக்கும் போல என்று சிரிப்பேன்.

அந்த ஸ்டாஃப் மீட்டிங்கில் சிரிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைகளைப் பள்ளியின் பெயரில் பரீட்சை எழுத விடுவதில்லை என்று முடிவு. தனித்தேர்வர்களாக அவர்களே எங்கேயாவது எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளி வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ பேனர் கட்டுவதற்கு அவர்கள் இடைஞ்சல். தாளாளரின் மகன் இதைச் சொன்ன விதம் எவ்வளவு மென்மை! “வீக் ஸ்டூடண்ட்ஸை பிரைவேட் கேண்டிடேட்ஸா ரீகிளாசிஃபை பண்றோம், அவ்ளோதான்.”

நீங்கள் எழுந்து நின்றீர்கள். “சார், அதைத் தமிழ்ல சொல்லுங்க.”

“மேடம், இங்கிலீஷ் டீச்சர் நீங்களே இப்படிக் கேக்கறீங்களே.”

“அதனாலதான் கேக்கறேன். தமிழ்ல சொல்லுங்க.”

அவன் மறுபடியும் இங்கிலீஷிலேயே ஆரம்பித்தான். கடைசியில் நீங்களே சொன்னீர்கள்: “துரத்துறோம். அதான் சார் அதுக்குத் தமிழ்.”

அதற்குத் தண்டனை மாதிரி, பெற்றோரிடம் பேசிக் கையெழுத்து வாங்கும் வேலையை உங்கள் தலையிலேயே கட்டினான். துணைக்கு வகுப்பாசிரியை என்று என்னையும் உட்காரவைத்தான். முதலில் வந்தவர் பம்மலிலிருந்து ஒரு பெயிண்டர். நாவலூரில் ஏதோ அடுக்குமாடியில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையில் காய்ந்த சுண்ணாம்போடு வந்திருந்தார். கூடவே அவர் மகள், இரட்டைப் பின்னல், தலை நிமிரவில்லை. மேஜையில் இருந்த காகிதத்தில் பெரிய எழுத்தில் இருந்த ‘ரீகிளாசிஃபிகேஷன்’ என்ற வார்த்தையை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது? பாப்பாவுக்கு வேற கிளாஸா? நல்லதுதானே?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “இல்லைங்க. உங்க பொண்ணை வெளியே அனுப்பப் பாக்கறாங்க. இதுல கையெழுத்துப் போடாதீங்க. போடலைன்னா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் மகளைப் பார்த்தார். “என் பொண்ணு இன்னா குப்பையா மேடம், பெருக்கி வெளிய தள்றதுக்கு?” என்றார். காகிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்தார். நேரே வெளியே பெஞ்சில் காத்திருந்த மற்றப் பெற்றோரிடம் போய் உரக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

அத்தனை பேரும் பள்ளியின் பெயரிலேயே எழுதினார்கள். பெயிண்டர் மகள் தட்டுத்தடுமாறிப் பாஸ். இரண்டு பிள்ளைகள் தேறவில்லை. பேனர் கட்டவில்லை. அடுத்த ஜூனில் உங்களைத்தான் கட்டம் கட்டினார்கள். பாடவேளை ஒன்றுகூடக் கிடையாது. லேப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையில் ஒரு நாற்காலி, கதவில் ‘ரிசோர்ஸ் பர்சன்’ என்று பலகை. பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. “ராஜினாமா பண்ணிடுங்க அக்கா” என்று நான் கெஞ்சினேன். “அவன் துரத்துறான்னு அவன் வாயால சொல்லட்டும், போறேன்” என்றீர்கள். அவன் சொல்லவேயில்லை. ஆண்டு முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குக் கணக்கு உண்டு. எங்கே எப்படிக் காட்டுவது என்றும் தெரியும். உங்கள் மேல் இருக்கும் கோபத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ரயிலில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தீர்கள். முகமெல்லாம் வியர்வை. “என்னக்கா, வலிக்குதா? சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?” என்று கேட்டேன். “சும்மா இருடி. வயித்துல கேஸ்” என்றீர்கள். வீட்டில் உங்கள் மகளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரியும் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தீர்களாம். ஞாயிறு விடிந்தபோது நீங்கள் இல்லை.

கேஸாம்! ஊரில் ஒருத்தனை ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிய விட்டீர்களா? எல்லோரையும் இழுத்து வெளியே நிறுத்தினீர்களே. உங்கள் நெஞ்சுவலிக்கு மட்டும் ஏனக்கா வேறு பெயர் வைத்தீர்கள்? வலிக்குது என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால், கையைப் பிடித்து இழுத்தாவது இறக்கியிருப்பேனே.