கல்யாண மாவில் மிளகாய்

ஞாயிறு, இரவு

நாளை பக்கத்துச் சந்தில் எல்லோருக்கும் அக்காவான கதீஜா இத்தாவின் மகளுக்குக் கல்யாணம். விருந்துக்குப் பத்திரி என்ற அரிசி ரொட்டி சுட வேண்டிய அரிசியை எங்கள் மாவு மில்லில்தான் கொடுத்திருந்தார். என் தம்பி அதை மிளகாய் அரைத்த மெஷினில் கொட்டிவிட்டான். மில்லிலேயே வளர்ந்தவன்தான். மாவு இளஞ்சிவப்பாக வந்தது, கையெல்லாம் எரிந்தது. மறுபடி அரிசி ஊறவைத்து, உலர்த்தி, அரைக்க நேரமில்லை.

அவன் போய்ச் சொல்ல மாட்டேன் என்றான். நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். இத்தா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார். உடனே சந்தில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு டப்பா பத்திரி மாவு வந்தது. அண்டா நிறைந்துவிட்டது.

"எல்லாம் உங்க மில்லுல அரைச்ச மாவுதானே சேட்டா. கலந்தா ஒண்ணும் தெரியாது" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கெட்டுப்போன மாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இத்தா விடவில்லை.

"அது இங்க கிடக்கட்டும். நாளைக்கு மீன் பொரிக்க ஆகும்."

தம்பி சாப்பிடாமல் படுத்திருக்கிறான். புரண்டு புரண்டு படுப்பது இங்கே கேட்கிறது. மாவு சேர்ந்துவிட்டது என்று கூப்பிட்டுச் சொல்லலாம். காலையில் சொல்லிக்கொள்கிறேன். ஒரு ராத்திரி கிடக்கட்டும்.