பதினாலாவது பலகை

அன்பு மகளே,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும். வாரா வாரம் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நாலு ஞாயிற்றுக்கிழமையாக உன்னிடம் ஒரு விஷயம் சொல்லப் பார்த்தேன். நாலு தடவையும் அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு நழுவிவிட்டேன். உனக்கே சலித்துப்போய், 'என்னப்பா, வானிலை ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா' என்று கேட்டாய். கையால் எழுதினால் நடுவில் ஓடமுடியாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரை சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறாள், அட்டையை எண்ணிப் பார்த்தேன். உன் தம்பி அறையை இன்னும் அப்படியேதான் வைத்திருக்கிறோம். போன வாரம் சைக்கிள் கடைக்காரர் வந்தார். தம்பி எழுதி வைத்திருந்த வழிக் குறிப்புகளைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம், நோட்டைக் கேட்டார். அம்மா கொடுத்துவிட்டாள். கொடுக்கும் முன்பு நான் ஒரு முறை புரட்டினேன். அறுபது கிலோமீட்டர் ஆற்றங்கரைப் பாதையையும் அடி அடியாக எழுதியிருக்கிறான். எங்கே ஜல்லி பெரிதாக இருக்கும், டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கவேண்டும், எந்த வளைவில் எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும், எந்தப் பாலத்தின் கீழே உட்கார்ந்தால் நிழல், எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 'அக்கா இங்கே வந்ததும் போதும்டான்னு சொல்லுவா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். நீ வந்தால் முழுப் பாதையும் கூட்டிப்போவதாக உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தானே, அதற்காகத்தான். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பாதைக்கும் எனக்கும் இருந்த சண்டை உனக்குத் தெரியும். ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் முப்பத்தோரு வருஷம் சுத்தியலோடு நடந்து சரிபார்த்த தடத்தில் இவனும் இவன் கூட்டாளிகளும் தடித்த டயர் சைக்கிளில் போனார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் பெரிய ஏற்றமே கிடையாது, குழந்தைகூட ஓட்டலாம் என்று அவன் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என் கோபமெல்லாம் பலகைகள் மேல்தான். எங்கள் கணக்கு ஜங்ஷனில் ஆரம்பிக்கும். இவர்கள் பழைய கிலோமீட்டர் கற்களைப் பிடுங்கிவிட்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி முதல் பாலத்தில் சைபர் என்று வைத்துப் பலகை நட்டார்கள். நட்டவர்களில் உன் தம்பியும் ஒருத்தன். 'என் கல்லைப் பிடுங்கிட்டு உன் பலகையை நடுறியாடா' என்று நான் வம்புக்கு இழுப்பேன். அவனும் விடமாட்டான். நான் எந்த இடத்தைச் சொன்னாலும் 'உங்க கல்லா, எங்க பலகையா' என்று கேட்டு, ஒன்பதைக் கழித்துக்கொண்டு சிரிப்பான். புது எண் எனக்குத் தெரியாமல் இல்லை. வாயால் சொல்லமாட்டேன் என்று வீம்பு, அவ்வளவுதான்.

இனிமேல்தான் சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும். அன்றைக்கு அவன் விழுந்ததும் எனக்குத்தான் போன் செய்தான், அது உனக்குத் தெரியும். என்ன சொன்னான் என்பதை நான் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. 'அப்பா, பதினாலாவது பலகை. கரை அரிச்சிருக்கு, சறுக்கி மதகுச் சுவர்ல மோதிட்டேன், வயித்துல பலமா அடி, எழுந்திரிக்க முடியலப்பா' என்றான். பதினாலு என்று தெளிவாகத்தான் சொன்னான், அம்மாடி. அந்த மதகு எனக்கு அத்துப்படி. எங்கள் கணக்கில் இருபத்து மூன்று. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதும் என் வாயில் அதுதான் வந்தது. போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், பக்கத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று. எங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்தவன் மரம், மதகு என்று அடையாளம் சொன்னால் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வான், கிலோமீட்டர் மட்டும்தான் சொல்லவேண்டும். நான் அந்தப் பெண்ணிடம், 'இருபத்து மூணுன்னா இருபத்து மூணுதாம்மா, முப்பத்தோரு வருஷம் அதுல நடந்தவன் சொல்றேன்' என்றேன். பெற்ற பிள்ளை அங்கே கிடக்கும்போது நான் என் சர்வீஸைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் இருபத்து மூன்றாவது பலகைக்குத்தான் போயிருக்கிறார். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. அங்கே இறங்கி இரண்டு பக்கமும் ஆற்றங்கரை வரை தேடியிருக்கிறார். பிறகு பாதையோடு திரும்பி வந்து, கண்ணில் பட்டபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கிறது. தம்பிக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததாகவும், அரை மணி முன்னால் வந்திருந்தால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த டிரைவர் சட்டையெல்லாம் சேறாக நின்றுகொண்டு, 'இருபத்து மூணுல யாருமே இல்லையே சார்' என்றார். அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் இடம் மாறிப் போனதென்று நீ அங்கிருந்து புகார் எழுதினாய். என் அப்பாவுக்கு அந்தத் தடத்தில் ஒவ்வொரு கல்லும் தெரியும், அவர் இடத்தைத் தவறாகச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்று எழுதியிருந்தாய். விசாரணைக்கு வந்த அதிகாரி அந்த வரியை எனக்கே படித்துக் காட்டினார். அன்றைய பேச்சு பதிவாகவில்லையாம். போனை எடுத்த பெண்ணும் இருபத்து மூன்று என்றுதான் சொல்கிறாள், ஆனால் அவளும் டிரைவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன இடம் சரிதானே சார் என்று அதிகாரி கேட்டார். சரியாகத்தான் சொன்னேன் என்றேன். எங்கள் கணக்குக்குச் சரிதானே என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு வேறு. டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

மூன்று வாரம் முன்னால் அவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மா உள்ளே விடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, 'சார், நீங்க எந்த நம்பர் சொன்னீங்கன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. நான் தப்பா எழுதியிருந்தா ஒத்துக்கறேன். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு' என்றார். என் வயதில் பாதிகூட இருக்காது. தான் செய்யாத தப்பைச் செய்துவிட்டோமோ என்று அந்த மனுஷர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். நான் ஞாபகம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா அவர் முதுகுக்குப் பின்னால், 'என் புள்ளையைக் கொன்ன பாவி' என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். 'அவன் பதினாலுன்னா சொன்னான்' என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து தம்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதும் அங்கேதான் படுக்கிறாள். எனக்குத் தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், எதிரில் உட்காருவதில்லை. உனக்கு அவளே சொல்லட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். 'நீங்கதானே சொன்னீங்க நம்பரை, இதையும் நீங்களே சொல்லுங்க' என்று சொல்லிவிட்டாள்.

நேற்று அந்த விசாரணை ஆபீஸுக்குப் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து டிரைவர் வீட்டுக்கும் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, இரண்டு பெண் பிள்ளைகளையும் உள்ளே போகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் டிரைவர் என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, 'அப்ப நான் சரியாத்தான் போனேன்' என்று அழுதார். அவரை எழுப்பக்கூட எனக்குக் கை நீளவில்லை.

புகார் கொடுத்தது நீ என்பதால், உன் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால்தான் அவரைச் சீக்கிரம் வேலைக்குச் சேர்ப்பார்களாம். அதை இந்த வாரமே அனுப்பிவிடு, மறக்காதே. அப்பா வயதானவர், பதற்றத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்காக எதையும் பூசி மெழுகாதே. பதற்றத்தில் சொன்னது ஒரு நாள், அதற்குப் பிறகு ஐந்து மாதம் நிதானமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். தம்பி என்னை நம்பித்தான் எனக்குப் போன் செய்தான். நீயும் என்னை நம்பித்தான் அந்த வரியை எழுதினாய். என் இரண்டு பிள்ளைகளும் நம்பியதற்கு நான் இப்படி ஆகிவிட்டேன்.

இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய், அவள் தனியாக இருக்கிறாள். குட்டியைக் குளிரில் காது மூடாமல் வெளியே அனுப்பாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருக்கவேண்டும், நான் வேண்டிக்கொள்வதற்கு இன்னும் அருகதை இருக்குமானால் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பதில் எழுது. திட்டி எழுது, பரவாயில்லை. அப்பா என்று ஆரம்பிக்க மனம் வராவிட்டால் தேதியை மட்டும் போட்டு ஆரம்பி. நான் படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா