பச்சையில் கலந்த சிவப்பு

பண்டபர்க் தக்காளிப் பண்ணை

அன்புள்ள லிதியா, கால் வீக்கம் வற்றியதா? நான் இங்கே வெயிலில் தக்காளியாகச் சிவந்து, நலமாக இருக்கிறேன்.

கிளம்பும் முன் நம் பழைய காரின் ரேடியேட்டரில் சிவப்புக் கூலன்ட் ஊற்றிவிட்டு வந்ததை நேற்று பண்ணை மெக்கானிக் கெவினிடம் பெருமையடித்தேன்.

"உள்ள ஏற்கெனவே என்ன இருந்துச்சு?"

"பச்சை. சிவப்பு பாக்க நல்லாருந்துச்சு."

"நல்லாருக்குன்னு ஊத்த அது என்ன சர்பத்தாய்யா? ரெண்டும் சேந்து கூழாகி அடைச்சுக்கும், இன்ஜின் சூடாகி நடுவழியில நின்னுடும்!"

அடுத்த மாதம் பிரசவத்துக்கு உன்னைச் சிகடோகா ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய வண்டி அது. பயப்படாதே. உன் அண்ணனைக் கூப்பிட்டு, இன்ஜின் ஆறியதும் எல்லாவற்றையும் வடித்து, தண்ணீர் விட்டு அலசி, வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வகையையே ஊற்றச் சொல். மைத்துனனைக் கேலி செய்ய அவனுக்கு ஒரு வருஷத்துக்குத் தீனி, செய்யட்டும்.

எங்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப் போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். வலி எடுத்தால் முதலில் காரில் ஏறு, அப்புறம் எனக்குப் போன் செய்.

பிள்ளைகளின் மக்கு அப்பா,
அபெனிசா