கதவுப் பக்கத்து இடம்

என் டில்ஷானிக்கு,

முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. அதனால் உன் பாட்டுச் சட்டையை அயன் பண்ணி, அதற்குள் இதை வைக்கிறேன்.

கொட்டாஞ்சேனைக் கலியாண வீடுகளில் பாடத் தொடங்கிய உங்கள் பாட்டுக் குழு, இப்போது வெள்ளவத்தை மண்டபங்கள் வரை போய்விட்டது. சந்தோஷம்தான். ஆனால் நம் தேவாலயத்தில் ஈஸ்டர் பூசைக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்களே, அதுதான் பயமாயிருக்கிறது. 2019 ஈஸ்டரில் அங்கே குண்டு வெடித்தபோது உன் அண்ணா கதவுப் பக்கம் நின்றுதான் பாடிக்கொண்டிருந்தான்; வீட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது அந்தக் கதவுப் பக்கம் நீயாம்.

"அண்ணா பாடின பகுதியைப் பாடுற ஆள் அண்ணாட இடத்திலதான் நிக்கணும், பயந்தாங்கொள்ளி அம்மா" என்று நேற்றுச் சிரித்தாய்.

ஓம் பிள்ளை, பாடு. போகாதே என்று சொல்லமாட்டேன். எனக்குப் பாட்டு வராது. ஆனால் உனக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமிருக்கும். அங்கே நான் நிற்பேன். உள்ளே போய் உட்காரச் சொல்லாதே.

உன் அம்மா